நெஞ்சொடு கிளத்தலும் நெஞ்சு விடு தூதும்

நெஞ்சு கூறுவதனைக் கேட்க; அதுவே ஒருவற்கு உண்மை வழிகாட்டி; அதன்வழி நிற்பார்க்கு மனத்துயர் தானே நீங்கும் என்னும் உரை, இக்காலத்து நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் மிகப் பயின்று வருகின்றது. சைவ நன்மக்களிற் சிலரும் இதனை நம் சமயத்தின் கருத்தே எனக் கொண்டு, இறைவன் உள்ளத்தே உறைகின்றானாதலின் உள்ளத்து எழுவனவெல்லாம் அவன் உரையே என்று முடிவு கட்டக் காண்கின்றோம். ஏதுவை யாம் மறுக்கின்றிலேம். அவ் ஏதுவினின்று அம்முடிபு பெறப்படுமாறில்லை என்பதே எமது கருத்து. இதனைச் சாத்திர நெறியான் மட்டுமன்றி, நெஞ்சினை முன்னிலைப்படுத்திப் பாடிய இலக்கியங்களின் போக்கினை நோக்கியும் ஆராய்தல் நலம் எனத் தோன்றுகின்றது. திருவள்ளுவனார் காமத்துப்பாலில் வைத்த நெஞ்சொடு கிளத்தலையும், உமாபதி சிவனார் அருளிய நெஞ்சு விடு தூதினையும் இதற்கெனக் கைக்கொள்கின்றோம்.

நெஞ்சொடு பேசுதல் தமிழ்ச் செய்யுட்குப் பழமையான வழக்கு. தொல்காப்பியனார் பொருளியலில், துன்பமேனும் இன்பமேனும் மிக்கவிடத்துத் தலைமக்கள் தம் நெஞ்சிற்குக் கையுங் காலும் உளவாகவும், அதற்குத் தனியறிவு உண்டாகவும், அது எதிர்மொழி தருவதாகவும் வைத்துப் பேசுவர் என்று விதித்தார். ஈண்டு அறிஞர் உற்று நோக்கற்பாலது அவர் வைத்த உவம உருபு. நெஞ்சிற்கு அறிவு உண்டு என்று அவர் கூறினாரல்லர். உண்டாயினாற்போல என்றே கூறினார். செய்யுளியலிலும் ஞாயிறு, திங்கள், கடல், மரம், புள் முதலியவற்றோடு நெஞ்சினையும் ஒருங்கு எண்ணி, அவை சொல்வன போலவும் கேட்பன போலவும் வைத்துரைக்கப்படும் என்றார். கடலும் மரமும் உண்மையிற் பேசாமை யாவர்க்கும் தெரியும். நெஞ்சு மட்டும் உண்மையிற் பேசும் எனக் கொள்ளுவார், ஆசிரியர் ஒருங்கெண்ணியவற்றுள் ஒன்றனை மட்டும் பிரித்தெடுத்தற்குக் காரணங் காட்டக் கடவர்.

இனி, வள்ளுவனார் கூறியதனைப் பார்ப்போம். நெஞ்சொடு கிளத்தல் 125-ஆம் அதிகாரம். உறுப்புநலன் அழிதலுக்குப் பின்னும் நிறையழிதலுக்கு முன்னும் வைக்கப்பட்டது. மேனி வாடியபின், மன உறுதி குலைதற்கு முன்னர், இடையே நெஞ்சொடு பேச்சு நிகழ்கின்றது. இவ்வைப்பு முறையே பொருள் பொதிந்தது. முதற் குறளில் தலைவி தன் நெஞ்சினை நோக்கித் தன் நோய் தீர்க்கும் மருந்து யாதாயினும் ஒன்றனை ஆராய்ந்து கூறமாட்டாயோ என்று இரக்கின்றாள். நெஞ்சினிடத்து மருந்து கேட்டல் என்பது இன்று புதிதாகக் கண்டதன்று. இரண்டாயிரம் ஆண்டு அளவினதாகிய பழமை அதற்கு உண்டு என்பார்க்கு இக்குறளே சான்றாகலாம்.

ஆயின் அடுத்த குறளை அவர் படித்திலர் போலும். மருந்து கேட்ட வாய் மூடுமுன், அன்பிலாதவனை எண்ணி வருந்துகின்றாய், இது உன் அறியாமை என்று அந் நெஞ்சினையே அவள் இகழ்கின்றாள். பின்வரும் குறள்களில், அவன்பாற் போவையேல் என் கண்களையும் உடன்கொண்டு போ என்கின்றாள். அவனைக் காணுமுன் ஊடி, கண்டபின் ஊடாது பொய்ம்மை செய்கின்றாய் என்கின்றாள். காமத்தையேனும் நாணத்தையேனும் விட்டுவிடு, இரண்டனையும் என்னாற் பொறுத்தலாகாது என்கின்றாள். உள்ளே இருப்பவனைத் தேடி வெளியே எங்குச் செல்கின்றாய் என்னும் வினா இவற்றுட் சிறந்தது. பத்துக் குறளும் அவள் கூற்றே. நெஞ்சு ஒரு சொல்லும் மறுமொழி தரவில்லை. மருந்து கேட்கப்பட்டது, மருந்து வரவில்லை, அதிகாரம் முடிந்தது, அடுத்த அதிகாரத்தில் நிறை அழிகின்றது. ஆசிரியர் இதனினும் தெளிவாக எவ்வாறு கூறுவார்?

130-ஆம் அதிகாரமாகிய நெஞ்சொடு புலத்தலில் இது மேலும் முறுகுகின்றது. அவன் நெஞ்சு அவன் பக்கம் நிற்க, நீ மட்டும் ஏன் என் பக்கம் நில்லாய் என்று அவள் வினவுகின்றாள். இனி உன்னோடு கலந்தாராய்வார் யாவர் என்றே கேட்டுவிடுகின்றாள். காதலனைப் பெறாதபோது பெறவில்லையே என அஞ்சி, பெற்றபோது இழப்போமே என அஞ்சி, எஞ்ஞான்றும் அச்சமே தொழிலாகக் கொண்டது நெஞ்சு என்று அவ்வதிகாரம் காட்டுமிடம் மருத்துவ நூலார் நோய்க்குறி கூறுமாறு போல் இருக்கின்றது. அதே அதிகாரத்தின் இறுதியில், ஒருவர்க்குத் தம் நெஞ்சே துணையாகாவிடத்து வேறு யார் துணையாவார் என்னும் ஏக்கமும் உண்டு. இவ் ஏக்கத்தினையும் விடாது கொள்ளல் வேண்டும். நெஞ்சினை வெறுத்து ஒதுக்குக என்பது வள்ளுவனார் கருத்தன்று. அது துணையாதல் வேண்டும்; இன்னும் துணையாகவில்லை. இவ்வளவே அவர் காட்டும் நிலை.

வாய்மை அதிகாரத்தில் நெஞ்சு சான்றாக நின்று பொய்யுரைத்தவனைச் சுடும் எனக் கூறினாரே எனின், அது செய்தபின் சுடுதல். செய்யுமுன் வழி காட்டுதல் வேறு. செய்தபின் சான்று கூறுதல் வேறு. வழக்கு மன்றத்தில் சான்று கூறுவோன் நடுவனாகான்.

எதிர்ப்பக்கத்தாரைச் சிறிது நடுநிலையோடு கேட்போம். அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய யூஜின் ஜெண்ட்லின் என்னும் அறிஞர் 1978-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மனத்துயர் தீர்ப்பாரிடம் வந்து பயன்பெற்றார் எத்தன்மையர் என ஆராய்ந்தவர் அவர். நெஞ்சகத்தும் வயிற்றகத்தும் தெளிவின்றித் தோன்றும் ஓர் உணர்ச்சியினை விரையாது கவனித்திருப்பின், அதற்குப் பொருந்துஞ் சொல் தானே வரும் என்றும், அச்சொல் வந்தவழி உடல் சிறிது நெகிழ்ந்து இளைப்பாறும் என்றும் அவர் உரைத்தார். எம்பாற் பயின்று உளநூல் கற்ற ஒருவர் இதனை எமக்கு எடுத்து விளக்கியபோது யாம் இதன்கண் பெருங்குற்றம் ஒன்றும் கண்டிலேம். அவ்வறிஞர் கூறியது பொறுமையோடு கேட்டல். கேட்டவுடன் அடிபணிதல் அன்று. அவர் பெயராலும் பிறர் பெயராலும் இன்று விற்கப்படுவன பல அவ்வேறுபாட்டினை விட்டுவிட்டன. கேள் என்பது பணி என்றாகிவிட்டது.

சித்தாந்தம் இவ்விடத்துத் துணை செய்யுமாறு எங்ஙனம் எனிற் கூறுதும். நெஞ்சு என்று உலகத்தார் ஒருமையிற் கூறுவதனைச் சாத்திரம் நான்காகப் பிரித்தது. பற்றி ஐயுறுவது மனம், துணிவது புத்தி, யான் என்று எழுவது அகங்காரம், சிந்திப்பது சித்தம். நான்கும் மாயையின் காரியம்; தாமாக அறியாத சடம். சிவஞானபோத நான்காஞ் சூத்திரம், உயிர் இவற்றுள் ஒன்றன்று, ஆயினும் அரசன் அமைச்சரோடு கூடித் தொழில் செய்யுமாறு இவற்றோடு கூடித் தொழிற்படும் என நிறுவுகின்றது. அதன்கண் வரும் வெண்பாவொன்று, பிரணவத்தின் அகாரம் அகங்காரமாகவும், உகாரம் புத்தியாகவும், மகாரம் மனமாகவும், விந்து சித்தமாகவும், நாதம் உயிராகவும் வைத்து, அறிவு கடலில் திரைபோல் எழுந்தும் அடங்கியும் நிகழும் என உவமிக்கின்றது. அவ்வெண்பாவில் உயிருக்கு வைத்த பெயர் உளம் என்பதே. உள்ளம் என்னும் சொல் உயிரையும் குறிக்கும். உலக வழக்கில் மனத்தையும் குறிக்கும். இச்சொல் மயக்கமே மேற்காட்டிய பிழைபட்ட முடிபிற்கு வாயில் ஆயிற்று. இறைவன் உள்ளத்தே உறைகின்றான் என்புழி உள்ளம் உயிர். உள்ளத்தில் தோன்றியது என்று நாம் நாட்காலையிற் கூறும்போது உள்ளம் சித்தம். ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு இரண்டு பொருளிற் காலூன்றி நடப்பார் இடறாதிருத்தல் அரிது.

அங்ஙனமாயின் நெஞ்சின் உணர்ச்சிக்கு அளவையில் இடமே இல்லையோ எனின், உண்டு. அதுவும் மதிப்புடைய இடமே. அருணந்தி சிவனார் சிவஞான சித்தியாரின் அளவையியலில் காட்சியினை வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுத்தார். தன்வேதனையாவது தனக்கு வந்த இன்ப துன்பங்களைத் தான் அறிதல். துயருறுவோன் தான் துயருறுகின்றான் என அறிவது கருதலும் அன்று, உரையும் அன்று, காட்சியே. ஆதலின் அதனைப் பிறர் மறுத்தற்கு உரிமையில்லை. உனக்கு என்ன குறை, எல்லாம் இருக்கின்றதே, ஏன் அழுகின்றாய் என்று நம் இல்லங்களில் முதியோர் இளையோரை அதட்டுகின்றனரே, அது அளவை நூலுக்கு மாறாகிய பேச்சு. அழுவான் தன் அழுகையை அறிந்தது காட்சியளவை. இவ்வளவில் நெஞ்சினைக் கேட்க என்பாரோடு யாமும் உடன்படுகின்றோம், சாத்திரமும் உடன்படுகின்றது.

ஆயின் வலிக்கின்றது என்பது தன்வேதனை. இன்னதனால் வலிக்கின்றது, இன்னது செய்தால் தீரும் என்பன தன்வேதனையாகா. அவை கருதலளவையின்பாற் படும். நூலும் சான்றோரும் உரைப்பதன்பாற் படும். கருதலுக்கு ஏது வேண்டும். ஏது போலியாயின் முடிபும் போலியாம். நெஞ்சு செய்வது யாதெனின், முன்னதன் உறுதியைப் பின்னதற்குக் கடன் கொடுத்துவிடுகின்றது. வலி உண்மையாதல்போல அதன் காரணமாக நெஞ்சு காட்டுவதும் உண்மை போல் தோன்றுகின்றது. இவ்விடத்தேதான் பலர் கெடுகின்றனர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எம்பாற் சாத்திரம் கேட்ட ஒருவர், இல்வாழ்வினர், தம் ஒரே மைந்தனை நோய்க்குப் பறிகொடுத்தார். அதன்பின் அவர் நெஞ்சு நாடோறும் அவர்க்கு ஒன்றனையே உரைத்தது: நீயே அவனைக் கொன்றாய் என்று. மருத்துவர் வேறு கூறினர். மனையாள் வேறு கூறினாள். அவர் எவரையும் நம்பவில்லை. உள்ளத்தே தோன்றுவது பொய்யாகாது என்று எங்கோ கேட்டிருந்தார். அதனையே எமக்கு மேற்கோளாக எடுத்துக் காட்டினார். அவர்க்கு யாம் நெஞ்சினைக் கேட்க என்று கூறியிருப்பின் என்னாம்? உமது துயர் உண்மை, அதனை ஒருவரும் மறுத்தற்கில்லை. நீர் கொன்றீர் என்பது துயர் பேசும் பேச்சு, அதற்கு ஏதுவில்லை என்றே திரும்பத் திரும்பக் கூறினோம். மருத்துவரிடமும் போகச் சொன்னோம், போனார். ஓராண்டிற்கு மேல் ஆயிற்று. அந்நெஞ்சு பேச்சினை முற்றும் நிறுத்திவிட்டது என்று யாம் கூறமாட்டோம். அவர் அதனை இறைவன் உரை என்று கொள்ளுதலை விட்டார்.

மருள்நீக்கியார் சூலைநோயால் உழன்றபோது தம் நெஞ்சொடு மட்டும் உசாவித் தனித்து இருந்தாரல்லர் என்பதனையும் இங்கு நினைக்கலாம். அடுக்களை புரிவானைத் தமக்கையார்பால் விடுத்தார். தமக்கையார் அங்கு வர இசையாமை கேட்டு, இரவிலே தாமே திருவதிகைக்குச் சென்றார். திலகவதியார் கையால் நீறு பெற்றார். மருந்து வெளியினின்று, மற்றொருவர் கைவழி வந்தது.

சாத்திரத்தில் இதனினும் வலிய இடம் சிவஞானபோத எட்டாஞ் சூத்திரம். வேடருட் பிறந்தவன்போல் வளர்ந்த அரசகுமரனைத் தந்தை வந்து உணர்த்துமாறு போல, ஐம்புலன்களாகிய வேடருள் மயங்கி வளர்ந்த உயிரை இறைவன் குருவாய் வந்து உணர்த்துகின்றான் என்பது அதன் கருத்து. உணர்த்தும் முறை உயிர்வகைக்கு ஏற்ப மூன்றாகக் கூறப்படும். ஆணவம் ஒன்றே உடைய விஞ்ஞானகலர்க்கு உள்நின்று உணர்த்துவான். ஆணவமும் கன்மமும் உடைய பிரளயாகலர்க்கு முன்னின்று உணர்த்துவான். மும்மலமும் உடைய சகலர்க்குக் குருவடிவில் மறைந்து நின்று உணர்த்துவான். உள்நின்று உணர்த்தல் என்பது உண்மையே. அது யார்க்கு உரியது என்பதே வினா. நாம் யாவரும் சகலர். விஞ்ஞானகலர்க்குரிய வாயிலை நாம் நமக்கு உரிமையாக்கிக் கொண்டு, உள்ளிருந்து குரல் வந்தது எனப் பறைசாற்றுதல், பிறர்க்கு எழுதிய ஓலையைப் பிரித்துப் படித்தல் போலாம். அரசகுமரனும் வேடர் சேரியில் இருந்துகொண்டு தன் நெஞ்சினைக் கேட்டானாயின் அது வேடர் மொழியிலன்றோ விடை கூறும்?

இவ்விடத்துக் கண்ணப்ப நாயனாரை எடுத்துக் காட்டி எம்மை மறுப்பார் உளர். திண்ணனார்க்கு நூலும் இல்லை, குருவும் இல்லை. நெஞ்சு காட்டிய வழியே சென்று ஆறு நாளில் வீடு பெற்றாரன்றோ என்பர். சேக்கிழார் பெருமான் அச்செய்தியை எவ்வாறு அமைத்தார் என நிதானமாகப் பார்த்தல் வேண்டும். திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்ட திண்ணனார் முதலில் நெஞ்சினைக் கேட்டிலர். தீங்கு செய்தார் யார் எனச் சுற்றிலும் தேடினார். பின்னர்த் தம் குலத்தார் அறிந்த பச்சிலைகளைப் பறித்துவந்து பிழிந்தார். அது பயன்படாதபின், ஊனுக்கு ஏற்பட்ட கேட்டினை ஊனே தீர்க்கும் என்னும் பழமொழி அவர் நினைவிற்கு வந்தது. பழமொழி என்பது முன்னோர் உரை; கேட்டு வைத்தது. அன்பு அதனை உரிய பொழுதில் எடுத்துக் கொடுத்தது. இதனினும் நுண்ணியது ஒன்று. என் நெஞ்சு தூயது, அது கூறுவது மெய் என்று திண்ணனார் காவியத்தில் ஓரிடத்தும் கூறவில்லை. அவர் வடிவெல்லாம் அன்பே என்னும் சான்று சிவகோசரியார் கனவில் இறைவனாற் கூறப்பட்டது. தன் நெஞ்சிற்குத் தானே சான்று வழங்கிக்கொள்வார்க்குக் கண்ணப்பர் துணையாகார். யான் என்பது அறவே அற்ற நெஞ்சு அது. பூசலார் நாயனார் நெஞ்சினுள்ளே கோயில் எடுத்ததும் மனம் போன போக்கில் அன்று. ஆகமம் கூறும் முறையில், நன்னாள் நோக்கிச் செய்தது.

நெஞ்சு விடு தூதிற்கு வருவோம். உமாபதி சிவனார் கொற்றவன்குடியினர். மறைஞான சம்பந்தர்பால் உபதேசம் பெற்றவர். சகம் 1235, அஃதாவது கி.பி. 1313-இல் சங்கற்ப நிராகரணம் செய்தவர். தூது கலிவெண்பாவால் ஆயது. தூதுக்குரிய பொருள் பத்தினையும் தொகுத்துக் கூறும் பழைய வெண்பா ஒன்று உண்டு. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என எண்ணும் அவ்வெண்பா, இப்பத்தனுள் நெஞ்சு ஒன்றற்கே அறிவின்மையைக் குறிக்கும் அடை கொடுத்தது. ஒன்பதும் அனுப்புவார்க்குப் புறத்தே உள்ளவை. நெஞ்சு ஒன்றே அகத்தது. கிளியை அனுப்பிவிட்டுத் தலைவி இருக்கின்றாள். நெஞ்சினை அனுப்பிவிட்டு இருப்பது யார்? இவ்வினாவினைத் தூது பாடிய பிற புலவர் எழுப்பினாரோ அறியேம். சாத்திரம் வல்ல உமாபதி சிவனார் அத்தூதினையே தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் இதுவாம் என்பது எம் துணிபு. நெஞ்சு போகவும் எஞ்சி நின்று ஏவுவது உயிர். நான்காஞ் சூத்திரத்தில் ஏதுவும் எடுத்துக்காட்டுமாக நிறுவப்பட்டது இங்கே செய்யுள் அமைப்பாகவே வந்துவிட்டது.

வள்ளுவனார் காட்டிய நெஞ்சு ஏவாமலே போயிற்று, தடுத்தும் போயிற்று. உமாபதி சிவனார் நெஞ்சு ஏவப்பட்டுப் போகின்றது. யாரிடம் போதல் வேண்டும், அவன் பெருமை யாது, மலை, ஆறு, நாடு, ஊர் முதலிய பத்து உறுப்புக்கள் எவை, எவரிடம் அணுகலாகாது என்பனவெல்லாம் அதற்கு வகுத்துக் கூறப்படுகின்றன. தசாங்கப் பகுதி மரபு நோக்கி நீண்டது. உருவகங்களின் நுட்பம் அறிந்தார்க்கன்றிப் பிறர்க்கு அது விரைந்து சுவை தாராது என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். உலகாயதர் முதலிய புறச்சமயத்தார்பாற் செல்லற்க என விலக்கும் பகுதியைச் சிலர் சமயக் காழ்ப்பு என்றும், தூதின் மென்மைக்கு ஒவ்வாத வன்மை என்றும் குறை கூறுவர். யாம் அதனை உடன்படோம். துயருற்ற நெஞ்சு ஆறுதல் தரும் எக்கொள்கையினையும் விரைந்து பற்றும் இயல்பினது. உள்ளது உடம்பு மட்டே என்றாலும் சிறிது ஆறும்; யானே பிரமம் என்றாலும் சிறிது ஆறும். ஆறுதல் தருவது பற்றியே ஒன்று மெய்யாகாது என்று நெஞ்சிற்கு முன்னரே அறிவுறுத்தி அனுப்புதல், மருந்தொடு பத்தியம் கூறி அனுப்பும் மருத்துவன் செயலாகும். பத்தியம் கூறுமிடத்து இன்சொல் எவ்வளவு எதிர்பார்ப்பது?

மாணிக்கவாசகர் திருச்சதகத்தில் தம் நெஞ்சினை உயிரற்ற உடலோடு ஒப்பவைத்து ஏசுவார். உமாபதி சிவனார் ஏசவில்லை; வேலை கொடுக்கின்றார். இரண்டும் அன்பின் வழிப்பட்டனவே. எனினும் மனத்துயரால் நைந்தார்க்குப் பாடம் சொல்லுமிடத்துப் பின்னதே தகுதி என்று யாம் கருதுவோம். தன்னைத் தானே ஏசிக்கொண்டிருப்பார்க்கு மேலும் ஓர் ஏச்சு வேண்டா. நெஞ்சு சடமாயினும் கருவி. குருவின்பால் அனுப்பத்தக்க கருவி. ஐந்தாஞ் சூத்திரம் காந்தத்தின் முன் இரும்பினை உவமை காட்டியதும் இக்கருத்துப் பற்றியே. இரும்பு தானே வழி அறியாது. காந்தத்தின் எல்லையுள் வைக்கப்பட்டால் இயங்கும்.

பாடசாலைகளில் நெஞ்சு விடு தூது கற்பிப்பார், அதற்கு முன்னர்த் திருக்குறளின் 125-ஆம் 130-ஆம் அதிகாரங்களை ஒருங்கு படிப்பித்து, பின்னர்ச் சித்தியார் அளவையில் தன்வேதனைக் காட்சியினை விளக்கி, அதன்மேல் தூதினைத் தொடங்குவாராயின் மாணாக்கர்க்கு நூலின் அருமை எளிதிற் புலனாகும். தூதின் முடிவில் கொன்றை மாலை பெற்று வருக என்று நெஞ்சிற்குக் கட்டளை பிறக்கின்றது. அது திரும்பி வந்து யாது கூறிற்று என்பதனை ஆசிரியர் பாடவில்லை.